மூன்றாவது வேட்டி

அவருக்கு ஒரு கிண்ணத்தில் குழம்பு கொடுத்தால் அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பி வராது. ஒரு கைப்பிடி சர்க்கரை இருக்கும், இல்லாவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழம், கொஞ்சம் வேர்க்கடலை. குழம்பைச் சாப்பிட்டு, ருசி பார்த்து, பிறகு அனுப்புவார் என்றும் இல்லை. வாங்கின கையோடு தன் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, கிண்ணத்தைக் கழுவி, எதையாவது போட்டு, நாம் முதுகைத் திருப்புவதற்குள் நீட்டிவிடுவார். ஒருநாள் வீட்டில் எதுவும் இல்லை போலிருக்கிறது. கிண்ணத்தில் ஒரு கட்டிக் கற்பூரம் கிடந்தது. அன்று நான் கொடுத்தது கருவாட்டுக் குழம்பு. அதைப் பார்த்து நானும் என் கணவரும் வெகுநேரம் சிரித்தோம். அப்போதெல்லாம் அவரை நினைத்தால் சிரிப்புதான் வரும்.

எழுபதுகளின் பிற்பாதியில், கல்யாணமான கையோடு நாங்கள் திருவண்ணாமலைக்கு வந்தோம். என் கணவருக்கு ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிற வேலை. தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், இந்தக் கிண்ணக்காரர் வீட்டின் பின்பகுதியை வாடகைக்குப் பிடித்தோம். முன்பகுதியில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளை கிடையாது. தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாங்கள் ஐயா என்போம். ஒல்லியாக, உயரமாக இருப்பார். வீட்டுக்குள்ளேயும் சட்டை போட்டிருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பக்கத்து கண்டக்டர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஒருமுறை செங்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் நான்கு பேரும் பஸ்ஸில் போனோம். எங்கள் இரண்டு பேருக்கும், தன் மனைவிக்கும் டிக்கெட் வாங்கிய பிறகு தனக்கும் ஒன்று கேட்டார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு நான் டிக்கெட் கிழிக்கறதா சார்? ஒக்காருங்க" என்று முன்பக்கம் போய்விட்டான். இவர் எழுந்து நின்று கையை உயர்த்தி பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். வெட்டவெளியில் பஸ் நின்றது. "டிக்கெட் குடுத்தா வர்றேன். இல்லன்னா எறங்கிக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்கிற மாதிரி சொன்னார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வரைக்கும் பஸ் நகரவில்லை. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அவர் மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மாவுக்குத்தான் அவரைச் சமாளிக்கத் தெரியும். ஒரு சித்திரை மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் நானுமாக மலை சுற்றப் போனோம். அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வழியில் யாரோ பந்தல் போட்டு நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தாகம் தாங்காமல் அவரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு உண்டியல் எங்கே என்று தேடினார். "உண்டியல் எல்லாம் இல்லீங்க, சும்மா குடிங்க" என்றான் மோர் ஊற்றிய ஆள். அவ்வளவுதான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அந்த ஆள் கையிலிருந்த சொம்பை வாங்கி, வருகிறவர்களுக்கெல்லாம் இவர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். அந்தம்மா ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். "ஒக்காரும்மா. ஒரு டம்ளர் மோருக்கு ஒரு பானை காலியாவணும். அப்பதான் இவருக்கு அது செரிக்கும்."

நாங்கள் வந்த மூன்றாம் வருஷமோ என்னவோ, மஞ்சள்காமாலையில் அந்தம்மா போய்விட்டார். இரண்டு வாரப் படுக்கைதான். அதற்குப் பிறகு அவர் தானே மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சமைத்துக்கொண்டார். அடிப்பிடித்த வாசனை தினமும் பின்கட்டுக்கு வரும். நான் ஏதாவது எடுத்துக்கொண்டு போவேன். பதிலுக்கு ஏதாவது வரும். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மழைக்காலத்தில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பில் அடி. என் கணவர் ஒரு ஆளைக் கூட்டிவந்து, இரண்டு பேருமாகத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். கீழ்பென்னாத்தூரில் அவருடைய தங்கை மகன் இருந்தான். மல்லாட்டை வியாபாரம். வேர்க்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். அறுவடைச் சமயம் அவனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வந்து பார்த்துவிட்டு, ஒரு மூட்டைக் கடலையை இறக்கி வைத்துவிட்டுப் போனான். மற்றதெல்லாம் நாங்கள்தான். என் கணவர் காலையில் மில்லுக்குப் போவதற்கு முன் தூக்கி உட்காரவைத்து உடம்பு துடைத்துவிடுவார். நான் மூன்று வேளையும் சாப்பாடு கொடுப்பேன். படுத்த படுக்கையாக இருப்பவரால் கிண்ணத்தில் எதைப் போட்டுத் திருப்ப முடியும்? நான் தட்டோடு உள்ளே போனால் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குவது மாதிரி கிடப்பார். நான் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தால்தான் சாப்பிடுவார்.

கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக ரிக்‌ஷா வைத்துக்கொண்டு பத்திரம் எழுதுகிறவரிடம் போனார். அன்று சாயங்காலம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பி, இனிமே ஒரு ஆள் இல்லாம எனக்கு ஆவாது. மருமவனுக்கு அவன் பொழப்பே சரியா இருக்குது. இந்த வீட்டை ஒங்க ரெண்டு பேர் பேருக்கும் உயில் எழுதிடறேன். என் உசுரு இருக்கற வரைக்கும் நீங்க என்னைப் பாத்துக்கணும். சம்மதமா?"

எனக்குச் சட்டென்று வந்த பதில், "இப்ப மட்டும் பாத்துக்காமயா இருக்கறோம்?" என்பதுதான். அதைத்தான் சொன்னேன்.

"அது வேறம்மா. இப்ப நீ போடற சோறு எனக்குத் தொண்டையில நிக்குது. எறங்க மாட்டேங்குது."

என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ரைஸ் மில் சம்பளத்தில் அந்த ஊரில் ஒரு முழ இடம் வாங்க எங்களால் முடியாது. எனக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள். தையல் மெஷின் வைத்து நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒருத்தர் கோயிலுக்குப் பக்கத்தில், மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரிகிற ஒரு வீட்டைத் தருகிறேன் என்கிறார். அதுவும் நாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற காரியத்துக்காக. மறுக்க என்ன இருக்கிறது என்று என் கணவர் அன்று பூராவும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நானும் சரி என்றேன்.

ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவதற்கு முன் அவர் எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் என்று எழுதிவிட்டால் சுலபத்தில் மாற்ற முடியாது. "செட்டில்மென்ட்டா எழுதிட்டா நாளைக்கு நீங்க என்னை வெளிய தள்ளினாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது. உயிலா இருந்தா ஒங்களுக்கும் வெளிய போற வழி இருக்குது, எனக்கும் இருக்குது. அதனால உயில்." மறைத்து வைக்கத் தெரியாத மனிதர். பிறகு எழுதியதை சத்தமாகப் படித்தார். மூன்று வேளை அன்னம், வருஷத்துக்கு இரண்டு வேட்டி, வியாதி வந்தால் வைத்தியம், எழுந்து நடமாட முடியாமல் போனால் கூட இருந்து பணிவிடை. படித்து முடித்துவிட்டு, "ஏதாவது விட்டுப்போச்சா?" என்று என்னைக் கேட்டார்.

விட்டுப்போனது என்ன என்று எனக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது.

அதற்கு முன்பெல்லாம் சாப்பிட்டு முடித்ததும், "நல்லா இருந்துச்சும்மா" என்பார். தட்டைத் திரும்ப வாங்கப் போகிற எனக்கு அது போதும். உயில் பதிவான மறுநாளிலிருந்து அந்த வார்த்தை நின்றுபோனது. "உப்பு கம்மி" என்பார். "இன்னிக்கு நாஷ்டா லேட்டு" என்பார். அதிகாரம் செய்தார் என்று சொல்ல முடியாது. அதிகாரமாக இருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். கடையில் காசு கொடுத்துவிட்டு, பொட்டலம் பிரிந்திருக்கிறது, வேறு கட்டிக் கொடுங்கள் என்று கேட்கிற மாதிரி சொல்வார். அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படாது. அதுதான் எரிச்சல்.

தன் பக்கத்தை அவர் இம்மி பிசகாமல் நடத்தினார். அந்த மாதத்திலிருந்து வாடகை வாங்கவில்லை. தளத்தில் ஒரு மூலை ஒழுகியது. கொத்தனாரைக் கூப்பிட்டுத் தன் செலவில் பூசவைத்தார். "ஒங்களுக்கு வரும்போது ஒழுகக் கூடாது" என்றார். ஒருநாள் மனைவியின் படத்தை இடம் மாற்றி மாட்டவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து நின்றார்.

"ஒன் செவுத்துல ஒரு ஆணி அடிச்சுக்கலாமாம்மா?"

"ஐயா, இது ஒங்க வீடு."

"எழுதிக் குடுத்தாச்சு. இனிமே அனுபவிக்கிற பாத்தியதைதான் எனக்கு. செவுரு ஒன்னுது. கேக்கணும்ல."

அந்தம்மா படத்துக்கு ஆணி அடிக்க அவர் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் அடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல முடியாமல், சுத்தியலை வாங்கி நானே போய் அடித்தேன். கையில் அடித்துக்கொண்டேன்.

தெருக்குழாயில் பெண்கள் பேசுவார்கள். நான் குடத்தை வைத்ததும், "ஒனக்கென்ன, நாலு வருஷம் கஞ்சி ஊத்தினா ஒரு வீடு" என்பாள் ஒருத்தி. இன்னொருத்தி, "கெழவரு நல்லா திடமா இருக்காரே, ஜாஸ்தி நாள் ஆவும் போலிருக்குதே" என்பாள். சண்டை போட முடியாது. அவர்கள் பொய் சொல்லவில்லையே. அவர் இருமினால்கூட நான் எழுந்து போவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்க ஆரம்பித்தேன். இப்போது நான் போவது எதற்காக? முன்பு இப்படி யோசித்ததே இல்லை.

ஆரணியில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. ஒரு வாரமாவது போய் இருக்கவேண்டும். பயந்துகொண்டே அவரிடம் சொன்னேன்.

"தாராளமா போயிட்டு வா. வேளைக்குச் சாப்பாடு வர்ற மாதிரி ஏற்பாடு மட்டும் பண்ணிட்டுப் போயிடு."

பழைய ஆளாக இருந்தால், அம்மாவைப் போய்ப் பாரும்மா என்று விரட்டியிருப்பார். கையில் ஒரு சீப்பு பழம் கொடுத்தனுப்பியிருப்பார். நான் ஒரு மெஸ்ஸில் சொல்லி கேரியரில் சாப்பாடு வர ஏற்பாடு செய்துவிட்டுப் போனேன். ஆரணியில் இருந்த நாளெல்லாம் கேரியர் நேரத்துக்குப் போயிருக்குமா என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்ததும், "மெஸ்ஸுக்காரன் ஒழுங்கா குடுத்தான். ஒண்ணும் கொறை இல்ல" என்றார். அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அது எந்தப் பக்கத்துக் கணக்கில் வரும் என்று அவருக்குத் தெரியவில்லையோ என்னவோ.

இப்படி மூன்று நான்கு வருஷம் போயிற்று. நான் எதைச் செய்தாலும் அது உயிலுக்குள் போய் விழுந்தது. காய்ச்சல் வந்து நாலு நாள் அனத்திக்கொண்டு கிடந்தபோது, நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். தெளிந்து எழுந்ததும், "வைத்தியம்னு எழுதினது நல்லதாப் போச்சு பாரு" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சந்தோஷமான பேச்சு.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு நான் அவருக்கு ஒரு வேட்டி எடுத்தேன். தைத்த கூலியில், என் சொந்தக் காசில் எடுத்தது. உயிலில் சொன்ன இரண்டு வேட்டி ஏற்கெனவே பொங்கலுக்கும் ஆடிக்கும் கொடுத்தாயிற்று. இது சும்மா. நல்ல சரிகைக் கரை. அந்தம்மா இருந்தவரை தீபத்துக்கு அவருக்குப் புது வேட்டி எடுப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எடுத்தேன். பொரி உருண்டையும் வேட்டியும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மலையைப் பார்க்க ஊரே தெருவில் நின்றுகொண்டிருந்தது.

வேட்டியைப் பிரித்துப் பார்த்தார். கரையை விரலால் தடவினார். பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு பழைய மடிப்பிலேயே மடித்துத் தட்டில் வைத்துவிட்டார்.

"இது மூணாவதும்மா."

"தெரியும் ஐயா. இது தீபத்துக்கு."

"ரெண்டுன்னுதானே எழுதியிருக்குது. ஜாஸ்தி வாணாம். நாளைக்கு ஒனக்கு நஷ்டம் பண்ணின மாதிரி ஆயிடும்."

பொரி உருண்டையை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"ஐயா, அந்த உயிலை ரத்து பண்ணிடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா சொல்ற?"

"எனக்கு வீடு வாணாம். பழையபடி வாடகை குடுக்கறோம். சோறு நான் எப்பவும் போல போடறேன்."

"நான் எதுல தவறினேன்? வாடகை வாங்கினனா? வீட்டைப் பாழாக்கினனா?"

"நீங்க ஒண்ணும் தவறலைங்க."

"அப்ப வீடும் வாணாம்னா நீ எதுக்கும்மா எனக்கு சோறு போடணும்?"

"பசிக்கும் இல்ல? அதுக்குத்தான்."

அவருக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. கண் தெரியாதவர் சுவரைத் தடவுகிற மாதிரி என் முகத்தில் எதையோ தேடினார். "பசின்னா ஊர்ல எல்லாருக்கும்தான் பசிக்குது" என்றார். தட்டை என் கையில் வைத்துவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெளியே தீபம் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, ஒரே அரோகராச் சத்தம். நான் தட்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கொண்டுபோய் வைத்த இட்லி மத்தியானம் வரை அப்படியே இருந்தது. மத்தியானச் சோறும் அப்படியே. அவர் கோலை ஊன்றிக்கொண்டு தேரடி வரைக்கும் நடந்துபோய் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் கெஞ்சினேன். கோபத்தில் சொல்லிவிட்டேன், உயில் அப்படியே இருக்கட்டும் என்றுகூடச் சொன்னேன்.

"இல்லம்மா. ஒனக்கு விருப்பம் இல்லாத ஒண்ணை ஒன் தலையில வச்சுட்டேன். அது தப்பு."

அடுத்த வாரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் ரத்து செய்தார். வந்து என் கணவரிடம் முறைப்படி தெரிவித்தார். அந்த மாதத்திலிருந்து வாடகை என்றார். இரண்டு நாள் கழித்துக் கீழ்பென்னாத்தூரிலிருந்து மருமகன் ஒரு வேன் கொண்டுவந்தான். கட்டில், ஒரு பெட்டி, அந்தம்மாவின் படம். அவ்வளவுதான் ஏற்றினார்கள். அவனுக்கும் அதே வாசகத்தில் உயில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. வேனில் ஏறும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கோபமே இல்லை. ஒரு வேலையை விட்டு நின்றவளைப் பார்க்கிற முதலாளியின் மரியாதை அது.

என் கணவர் அன்று சாப்பிடவில்லை. வேன் போன பிறகு கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் கெழவர் வாயில இருந்து நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை வரலைன்னு ஒரு வீட்டை விட்டுட்ட."

"அதுக்காக இல்லைங்க."

"வேற எதுக்கு? சொல்லு. கேக்கறேன்."

சொல்ல முடிந்திருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேனே. என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் வாடகையை எடுத்துவைக்கும்போது ஒரு பெருமூச்சு விடுவார். அது பேச்சைவிட மோசம்.

ஒரு வருஷத்துக்குமேல் இருக்கும், மனசு கேட்காமல் புளிச்சோறு கட்டிக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகிற செஞ்சி பஸ்ஸில் ஏறினேன். மருமகன் வீட்டில் முற்றம் முழுக்க மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவன் மனைவி முறத்தோடு எழுந்து வந்தாள். கெட்டவள் இல்லை. வேலைக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "ஒரு கொறையும் வைக்கலைங்கக்கா. அவருதான் ராவு சாப்பாட்டை நிறுத்திட்டாரு. இன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. நீங்களாவது கேளுங்க."

மூட்டை அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. சுத்தமாகத்தான் இருந்தது. கட்டிலில் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா" என்றார். ஒரு நிமிஷம் கழித்து, "அம்மாவுக்குக் கண்ணு இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷம் கழித்து. இப்போது எங்களுக்குள் எழுத்து எதுவும் இல்லை, அதனால் கேட்கலாம்.

"நல்லா தெரியுதுங்க. நீங்க ஏன் ராத்திரி சாப்பிடறதில்ல? வயிறு சரியில்லையா?"

"வயித்துக்கு என்ன, நல்லாத்தான் இருக்குது." குரலைத் தணித்துக்கொண்டார். "நான் நெனச்சதைவிட ஜாஸ்தி நாள் இருந்துட்டு வர்றேம்மா. அந்த வீட்டு மதிப்பு இத்தனை நாள் சோத்துக்குத் தாங்காது. இவன் வாயத் தொறந்து சொல்ல மாட்டான். நமக்காத் தெரியணும் இல்ல? அதான் ஒரு வேளையைக் கொறச்சுக்கிட்டேன்."

நான் என்ன சொல்வது? நீங்கள் இருப்பதற்கு விலை கிடையாது என்றா? அதைத்தான் தீபத்தன்று சொல்லிப் பார்த்தேன். அதற்குத்தான் அவர் வீட்டை விட்டே போனார். சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தேன். பிறகு எனக்கே தெரியாமல் வேறு பேச்சு வந்தது.

"ஐயா, ஒங்களுக்கு ஊர் நெலவரம் தெரியல. நம்ம தெருவுல எல்லாம் லாட்ஜு வருது. வீட்டுக்காரங்க வாசலுக்கே வந்து வெலை கேக்கறாங்க. நீங்க எழுதினப்ப இருந்த மதிப்பா இப்ப? ரெண்டு மடங்குக்கு மேல."

"அப்படியா?" நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. மூலை வீடு வித்துப்போச்சு. அந்த வெலைக்கு நீங்க இன்னும் இருவது வருஷம் மூணு வேளையும் சாப்பிடலாம். நாலு வேளை சாப்பிட்டாலும் மருமவனுக்கு லாபம்தான்."

மூலை வீடு விற்றது உண்மை. மற்றதெல்லாம் நான் வாய்க்கு வந்தபடி சொன்னது. அவர் கண்ணை மூடி மனசுக்குள் கணக்குப் போட்டார். முகம் தெளிந்தது. பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அவர் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த மனிதருக்கு என்னால் ஒரு வாய்ச் சோறு போட முடிந்தது வீட்டு விலையைச் சொல்லித்தான். இதை நான்கு வருஷம் முன்பே தெரிந்துகொண்டிருந்தால் சுவருக்குச் சுவர் விலை சொல்லிக்கொண்டே அவரை வைத்துக் காப்பாற்றியிருக்கலாம். என் வீட்டில் அவரும் இருந்திருப்பார், வீடும் இருந்திருக்கும். ஆனால் அப்படி எத்தனை நாள் பேச முடியும்?

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அடுத்த ஐப்பசி மழையில், ஒரு பகல் தூக்கத்தில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பந்திக்கு உட்காருவதற்கு முன் என் கணவர் அந்த மருமகனிடம் வீட்டைப் பற்றிக் கேட்டார். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "லாட்ஜு கட்டறவங்க அட்வான்ஸ் குடுத்துட்டாங்கண்ணே. தை மாசத்துக்குள்ள காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும். அவசரம் இல்ல, பாத்து செய்யுங்க." என் கணவர் சரி என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

பந்தியில் உட்கார்ந்தோம். இலையில் சோறு விழுந்தது. எனக்குக் கை வைக்கத் தோன்றவில்லை. மருமகன் மனைவி சாம்பார் வாளியோடு வந்து குனிந்தாள்.

"கூச்சப்படாம சாப்பிடுங்கக்கா. இது எங்க செலவு இல்ல. காரியத்துக்கு வர்றவங்க சாப்பாட்டுக்குன்னு மாமாவே முன்னாடியே குடுத்து வச்சிட்டாரு. யாரு யாரு வருவாங்கன்னும் சொன்னாரு. ஒங்க ரெண்டு பேரையும் சொன்னாரு."

அப்படியா என்று மட்டும் கேட்டேன். பிறகு சாப்பிட ஆரம்பித்தேன். சோறு இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னேன். ரசத்துக்கும் சோறு கேட்டேன். வடை வந்தபோது இரண்டு வாங்கினேன். பாயசத்தை இலையில் ஊற்றி வழித்துக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்றேன். என் கணவர் தன் இலையில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தி முடிந்ததும் உறவுக்காரப் பெண்கள் இலை எடுக்கவும் பாத்திரம் கழுவவும் எழுந்தார்கள். அண்டாவைத் தூக்க ஒரு கை குறைந்தது. ஒருத்தி என்னைப் பார்த்தாள். தொட்டால் சாப்பிட்டதற்குக் கணக்குத் தீர்ந்துவிடும். நான் எதையும் தொடவில்லை. கை கழுவிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், என் கணவர் பின்னால் வர ரோட்டுக்கு வந்து, திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.